‘ஹிஸ்டாரிக்’, ‘ஹிஸ்டாரிகல்’: உருவில் நெருங்கிய ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறிய விதி உண்டா?

வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். பழைய கட்டடங்களைப் பற்றிய ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரே பத்தியில் ஓரிடத்தில் ‘ஹிஸ்டாரிக் பில்டிங்’ என்றும், நான்கு வரி தள்ளி ‘ஹிஸ்டாரிகல் ரெக்கார்ட்’ என்றும் வருகிறது. இரண்டுக்கும் ‘வரலாற்று’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிட மனம் ஒப்பவில்லை. அடுத்த பக்கத்திலேயே ‘எகனாமிக்’, ‘எகனாமிகல்’ ஆகிய இரண்டும் காத்திருக்கின்றன. அகராதியைப் புரட்டினால் ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து பொருள் தரப்பட்டிருக்கிறது. அவற்றுள் சில இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் குழப்பம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. இத்தகைய இணைகளைப் பிரித்தறிய விதி ஏதேனும் உண்டா, அல்லது ஒவ்வொன்றையும் தனித்தனியே மனத்தில் இருத்திக்கொள்ளத்தான் வேண்டுமா?

ஏட்டுச்சுவடி

விதி இல்லை, ஆனால் இந்த நிலை ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கிரேக்கத்திலிருந்தும் இலத்தீனிலிருந்தும் ஆங்கிலத்துக்கு ‘-இக்’ என்ற பெயரடை ஈறு வந்தது. இலத்தீனில் ‘-ஆலிஸ்’ என்று வேறொரு பெயரடை ஈறும் இருந்தது. ‘மூசிகா’, ‘கிரமாட்டிகா’ போன்ற கலைப்பெயர்களோடு பிற்கால இலத்தீனில் அந்த ஈறு சேர்ந்து ‘மூசிகாலிஸ்’, ‘கிரமாட்டிகாலிஸ்’ என்ற வடிவங்கள் உண்டாயின. ஆங்கிலம் இரு வகை வடிவங்களையும் வாங்கிக்கொண்டது. அதனால் ஒரே வேரிலிருந்து இரண்டு பெயரடைகள் பொருள் வேறுபாடின்றி நெடுங்காலம் அருகருகே வழங்கின. ‘ஜியாகிரஃபிக்’, ‘ஜியாகிரஃபிகல்’ ஆகியவை இன்றும் அப்படித்தான் இருக்கின்றன. அவற்றுக்குள் வேறுபாடு தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

வேறு சில இணைகளில் வழக்கு, வேலையைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டது. வரலாற்றில் நிலையான இடம் பெற்றது ‘ஹிஸ்டாரிக்’. வரலாற்றைச் சார்ந்தது, கடந்த காலத்தைப் பற்றியது ‘ஹிஸ்டாரிகல்’. 1947 ஆகஸ்ட் 15 பிறந்த நள்ளிரவு ‘ஹிஸ்டாரிக்’ தருணம். அதே ஆண்டில் ஏதோ ஒரு சிற்றூரில் எழுதப்பட்ட நிலவரிக் கணக்கு ‘ஹிஸ்டாரிகல்’ ஆவணம். அதை ஆய்வாளர் ஒருவர் எடுத்துப் படிக்கும் வரை யாருமே பொருட்படுத்தாமல் இருந்திருக்கலாம், அப்போதும் அது ‘ஹிஸ்டாரிகல்’தான். ஆகவே உங்கள் கட்டடத்தை ‘வரலாற்றுச் சிறப்பு மிக்க கட்டடம்’ என்றும் ஆவணத்தை ‘வரலாற்று ஆவணம்’ என்றும் எழுதலாம்.

‘எகனாமிக்’ பொருளாதாரத்தைச் சார்ந்தது, ‘எகனாமிகல்’ சிக்கனமானது. நாட்டின் கொள்கை ‘எகனாமிக்’காக இருக்கும், எரிபொருள் குறைவாகக் குடிக்கும் வண்டி ‘எகனாமிகல்’. இங்கே தமிழில் இரண்டு தனிச்சொற்கள் ஏற்கெனவே இருப்பதால் மொழிபெயர்ப்பாளருக்குச் சிக்கல் இல்லை, ஆங்கிலத்தில் எழுதுபவருக்குத்தான் சிக்கல். ‘பொலிடிக்’ என்ற சொல் ‘பொலிடிகல்’ என்பதன் குறுக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பொருளோ ‘காலமறிந்த, விவேகமான’ என்பது. குறிப்பிட்ட கருவிக்கும் நிகழ்வுக்கும் பெரும்பாலும் ‘எலக்ட்ரிக்’ வரும், துறைக்கும் பொது வகைமைக்கும் ‘எலக்ட்ரிகல்’ வரும்: ‘எலக்ட்ரிக் மோட்டார்’, ‘எலக்ட்ரிக் ஷாக்’, ஆனால் ‘எலக்ட்ரிகல் இன்ஜினியரிங்’. இது வழக்கின் சாய்வுதான். கண்டிப்பான எல்லைக்கோடு அல்ல.

ஹென்றி ஃபௌலர் 1926-இல் வெளியிட்ட ஆங்கில வழக்கு அகராதியில், இத்தகைய பொருள்பிரிவினை மொழிக்கு நன்மை தருவது என்றும் அதை எழுதுபவர்கள் பேண வேண்டும் என்றும் வற்புறுத்தினார். எனக்கும் அதுவே கருத்து. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். வினையடை ஆகும்போது இந்தப் பிரிவினை அழிந்துவிடுகிறது. ‘எகனாமிக்’, ‘எகனாமிகல்’ இரண்டுக்கும் ‘எகனாமிகலி’ என்ற ஒரே வினையடைதான் உண்டு. அந்தச் சொல் வரும் இடத்தில் ‘பொருளாதார நோக்கில்’ என்பதா ‘சிக்கனமாக’ என்பதா என்பதைச் சூழலைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

வைகைக்கரை

மிக்க நன்றி ஐயா. ‘கிளாசிக்’, ‘கிளாசிகல்’ பற்றியும் சொல்லிவிட்டால் உதவியாக இருக்கும். இரண்டுக்கும் ‘செவ்வியல்’ என்றே எழுதிவருகிறோம்.

ஏட்டுச்சுவடி

அது தமிழருக்கு நெருக்கமான இணை. 2004-இல் இந்திய அரசு தமிழுக்கு அளித்த தகுதியின் ஆங்கிலப் பெயர் ‘கிளாசிகல் லாங்வேஜ்’. ‘கிளாசிக் லாங்வேஜ்’ அன்று. ‘கிளாசிகல்’ என்பது தொன்மையான, இலக்கண ஒழுங்கு பெற்ற ஒரு மரபைக் குறிக்கிறது. இசையிலும் நடனத்திலும் அப்படியே. ‘கிளாசிக்’ என்பது தன் வகையில் முன்மாதிரியாகத் தேர்ந்து நின்றதைக் குறிப்பது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வந்த மோட்டார் சைக்கிளையும் ‘கிளாசிக்’ என்பார்கள், ‘கிளாசிகல்’ என்று சொல்லமாட்டார்கள். மருத்துவர் ‘கிளாசிக் சிம்ப்டம்’ என்றால் அந்த நோய்க்கே உரிய அடையாளமான அறிகுறி என்று பொருள். அதைச் ‘செவ்வியல் அறிகுறி’ என்று தமிழாக்கிய பக்கங்களைக் கண்டு வருந்தியிருக்கிறேன். மரபைக் குறிக்கும் இடத்தில் ‘செவ்வியல்’ என்றும், மற்ற இடங்களில் ‘தலைசிறந்த’, ‘அடையாளமான’, ‘காலத்தை வென்ற’ என்று இடத்துக்கேற்பவும் எழுதுவதே சரி.

நெய்தல்நிலம்

நான் பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பவள். ஒவ்வோர் இணையையும் மனப்பாடம் செய்வதைவிட வேர்ச்சொல்லைக் கற்பித்தால் போதும் என்பது என் துணிபு. வேர் தெரிந்த மாணவருக்கு ஓர் எழுத்து மாறினாலும் பொருள் மாறுவது தானாகப் புலப்படும். ‘ப்ரிஸ்கிரைப்’, ‘ப்ரோஸ்கிரைப்’ என்ற இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னதில் இருக்கும் முன்னொட்டு ‘முன்பே’ என்ற பொருளைத் தருகிறது. செய்ய வேண்டியதை முன்கூட்டி எழுதித் தருவதால் அது ‘விதித்தல்’, மருத்துவர் சீட்டு எழுதுவதும் அதுவே. பின்னதில் இருப்பது ‘பலர் அறிய’ என்ற பொருளுடைய முன்னொட்டு. கி.மு. 82-இல் ரோமை ஆண்ட சுல்லா, தன் எதிரிகளின் பெயர்ப் பட்டியலைப் பொது இடத்தில் எழுதி வைத்தான். அதில் பெயர் இருந்தவர்களை யாரும் கொல்லலாம், அவர்களது சொத்து பறிமுதலாகும். அங்கிருந்துதான் ‘தடைசெய்தல்’, ‘விலக்குதல்’ என்ற பொருள் ஆங்கிலத்துக்கு வந்தது. இந்த வரலாற்றை ஒரு முறை கேட்ட மாணவர் பிறகு இரண்டையும் மாற்றி எழுதுவதே இல்லை.

‘வீனல்’, ‘வீனியல்’ என்பவையும் அத்தகையவை. ஒன்று ‘விற்பனை’ என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே விலைபோகக்கூடிய, கையூட்டுக்கு மசியும் அதிகாரியைக் குறிக்கும். மற்றது ‘மன்னிப்பு’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. கத்தோலிக்க மறைக்கல்வியில் சாவான பாவத்துக்கு எதிரிடையாக அற்பப் பாவம் என்று சொல்லப்படுகிறதே, அதன் ஆங்கிலப் பெயரில் இருப்பது இந்த இரண்டாவது சொல்தான். ஒரே ஓர் எழுத்து கூடினால் இலஞ்சம் மன்னிக்கத்தக்க பிழையாகிவிடுகிறது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

ஏட்டுச்சுவடி

அம்மா, நீங்கள் காட்டிய எடுத்துக்காட்டுகள் சிறந்தவை. ஆனால் அவை வேர் வேறுபட்ட இணைகள், அல்லது முன்னொட்டு வேறுபட்ட இணைகள். வேரும் ஒட்டும் ஒன்றாகவே இருந்துவிட்டால் வேர்ச்சொல் கைகொடுக்காது, சில சமயம் வழிதவறவும் செய்யும். ‘டிஸ்கிரீட்’ என்று ஒரே ஒலியில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ‘ஈ’ எழுத்து இரண்டும் சேர்ந்தே வந்தால் ‘அடக்கமும் எச்சரிக்கையும் உள்ள, இரகசியம் காக்கும்’ என்று பொருள். அவற்றுக்கு நடுவே ‘டி’ நின்றால் ‘தனித்தனியாகப் பிரிந்த’ என்று பொருள். கணிதத்தில் தொடர்ச்சியற்ற எண்களையும் அமைப்புகளையும் ஆராயும் பிரிவின் பெயரில் இருப்பது பின்னது. இரண்டும் ‘பிரித்தறியப்பட்ட’ என்ற பொருளுள்ள ஒரே இலத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. வேரைக் கற்பித்தால் எது எது என்பதைச் சொல்ல அது உதவுமா?

‘காம்ப்ளிமென்ட்’ என்ற ஒலியுடைய இரண்டும் அப்படியே. ‘நிறைவாக்குதல்’ என்ற ஒரே வேரிலிருந்து இரண்டும் பிறந்தன. நடுவில் ‘ஈ’ எழுத்து உள்ள சொல் வேர்ப்பொருளைக் காத்து ‘ஒன்றை நிறைவு செய்வது’ என்று நிற்கிறது. ‘ஐ’ எழுத்து உள்ளது இத்தாலிய, ஸ்பானிய அரசவை வழக்கின் வழியாக வந்து ‘மரியாதைச் சொல், பாராட்டு’ ஆகிவிட்டது. நூலாசிரியர் அன்பளிப்பாகத் தரும் பிரதி ‘ஐ’ எழுத்தைப் பெறும். ஒன்றுக்கொன்று இணைவான நிறங்கள் ‘ஈ’ எழுத்தைப் பெறும்.

மாவைக் குறிக்கும் ‘ஃபிளவர்’ என்ற சொல்லும் பூவைக் குறிக்கும் ‘ஃபிளவர்’ என்ற சொல்லும் ஒன்றே என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அரைத்ததில் மிகச் சிறந்த பகுதியை அதன் ‘பூ’ என்றார்கள். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியில் இரண்டும் தனித்தனிச் சொற்களாகப் பிரிக்கப்படவே இல்லை. எழுத்துக்கூட்டலில் இன்று நாம் காணும் பிரிவு அதன் பின்னர் நிலைபெற்றது. ஆகவே வேர் வேறானால் வேரைக் கற்பியுங்கள். வேர் ஒன்றானால் அந்தச் சொல் எந்தச் சொற்களோடு கூடி வருகிறது என்பதைக் கற்பியுங்கள். இரண்டுக்கும் ஒரே மருந்து செல்லாது.

நெய்தல்நிலம்

ஏற்கத்தக்க வேறுபாடு. ஆயினும் வேர் ஒன்றான இணைகளிலும் வரலாறு ஒரு பிடிமானத்தைத் தருகிறது என்பதை விட்டுவிட மாட்டேன். எழுதுபொருளைக் குறிக்கும் ‘ஸ்டேஷனரி’, அசையாமல் நிற்பதைக் குறிக்கும் ‘ஸ்டேஷனரி’ ஆகிய இரண்டும் ஒரே வேர்தான். இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராகத் திரிந்து விற்றவர்களுக்கு மாறாக, பல்கலைக்கழகங்களின் அருகே நிலையான கடை வைத்து நூல் விற்றவரை ‘நிலையாக இருப்பவர்’ என்று அழைத்தார்கள். லண்டனில் அவர்களுடைய சங்கம் 1403-இல் தொடங்கி 1557-இல் அரச சாசனம் பெற்றது. ‘ஸ்டேஷனர்’ என்ற அந்த வணிகரின் பெயர் ‘ஈஆர்’ என்று முடிவதால், அவர் விற்கும் பொருளிலும் ‘ஈ’ வருகிறது. நம் ஊர்க் கடைத்தெருப் பெயர்ப்பலகைகளில் ‘ஏ’ எழுதிய ‘ஸ்டேஷனரி’கள் நிறைய இருக்கின்றன, இந்த ஒரு செய்தியைச் சொன்ன பிறகு என் மாணவர்கள் அவற்றைத் தாங்களே கண்டுபிடித்து வந்து சொல்கிறார்கள்.

நடுவுநிலை

நான் வழக்குரைஞர். நீதிமன்றத்தில் இத்தகைய சொற்கள் வெறும் நடைச் சிக்கலாக நின்றுவிடுவதில்லை என்பதால் எழுதுகிறேன். ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’, ‘அன்இன்ட்ரஸ்டட்’ ஆகிய இரண்டையும் ‘ஆர்வமற்ற’ என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. நீதிபதி ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ ஆக இருக்க வேண்டும், அதாவது வழக்கின் முடிவில் தனக்கென்று ஆதாயமோ பற்றோ இல்லாதவராக இருக்க வேண்டும். அவர் ‘அன்இன்ட்ரஸ்டட்’ ஆக இருந்தால், வாதத்தைக் காது கொடுத்துக் கேட்காதவர் என்று பொருள். அதைவிடக் கேடு வேறில்லை. ‘இன்ட்ரஸ்ட்’ என்ற ஒரு சொல்லுக்குத் தமிழில் ஆர்வம், நலன், பங்குரிமை, வட்டி என்று இத்தனை சொற்கள் இருப்பது மொழிபெயர்ப்பாளருக்கு வசதியே. சட்ட ஆவணம் என்றால் முதலில் ‘நலன்’ பொருந்துகிறதா என்று பாருங்கள்.

சாட்சியத்தில் இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கொலையுண்டவரின் மனைவி சாட்சி சொன்னால் ‘அவர் இன்ட்ரஸ்டட் சாட்சி, நம்பக்கூடாது’ என்று எதிர்த்தரப்பு வாதிடுவது வழக்கம். 1981-இல் ராஜஸ்தானிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், உறவினர் என்பதும் ‘இன்ட்ரஸ்டட்’ என்பதும் ஒன்றல்ல என்று தெளிவுபடுத்தியது. வழக்கின் முடிவால் ஏதோ ஒரு பயனை அடையக்கூடியவரே ‘இன்ட்ரஸ்டட்’ சாட்சி. நடந்ததைக் கண்ணால் காண இயல்பாக வாய்ப்புள்ள உறவினர் அப்படி ஆகிவிடமாட்டார். அந்தத் தீர்ப்பைத் தமிழில் எழுதும்போது ‘ஆர்வமுள்ள சாட்சி’ என்று போட்டால் தீர்ப்பின் உயிரே போய்விடும்.

இதே வகையில் ‘ஜுடிஷியல்’, ‘ஜுடிஷியஸ்’ என்பவற்றையும் கவனியுங்கள். முன்னது நீதித்துறையைச் சார்ந்தது. பின்னது நன்கு சீர்தூக்கிச் செய்யப்பட்டது. நீதிமன்றத்துக்கு வெளியே யார் வேண்டுமானாலும் ‘ஜுடிஷியஸ்’ ஆக இருக்கலாம்.

பொருநை

நடுவுநிலை அவர்களுக்கு ஒரு மாற்றுக் கருத்து. 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ என்பது ‘ஆர்வமற்ற’ என்ற பொருளிலும் ‘அன்இன்ட்ரஸ்டட்’ என்பது ‘நடுநிலையான’ என்ற பொருளிலும் வழங்கின. அதாவது இன்று நாம் பிழை என்று திருத்துவதுதான் பழைய வழக்கு. இன்றும் ஆங்கிலேயர் பலர் ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ என்பதை ‘ஆர்வமற்ற’ என்ற பொருளில் எழுதுகிறார்கள். மொழி தானாக மாறிக்கொண்டிருக்கும்போது நாம் மட்டும் ஏன் வேலி போட்டுக் காக்க வேண்டும்?

நடுவுநிலை

வரலாற்றுச் செய்தியை மறுக்கவில்லை, நண்பரே. ஆனால் பழைய வழக்கு எது என்பது இன்றைய எழுத்துக்கு அளவுகோல் ஆகாது. ஒரு வேறுபாடு பயனுள்ளதா என்பதுதான் கேள்வி. ‘ஆர்வமற்ற’ என்று சொல்ல ஆங்கிலத்தில் வேறு பல சொற்கள் இருக்கின்றன. ‘தன்னலம் கலவாத’ என்பதை ஒரே சொல்லில் சொல்ல இதற்கு நிகரானவை மிகச் சில. வாசிக்கும்போது இரு பொருளையும் எதிர்பாருங்கள், எழுதும்போது ஒன்றையே கையாளுங்கள் என்பது என் நிலைப்பாடு. குறிப்பாக நாம் பிறமொழியாளர். நம் எழுத்தில் பிறழ்ச்சி வந்தால் அதை மொழி மாற்றம் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அறியாமை என்றே கொள்வார்கள்.

குறிஞ்சிமலர்

மருந்தகத்தில் பணிபுரிகிறேன். எங்கள் துறையில் ஓர் எழுத்து மாறினால் உடலில் இடமே மாறிவிடும் என்பதால் இந்த உரையாடலை ஆவலோடு படித்தேன். ‘இலியம்’ என்று ஒரே ஒலியில் இரண்டு உறுப்புகள் உள்ளன. இரண்டாவது உயிரெழுத்து ‘ஈ’ என்றால் சிறுகுடலின் கடைசிப் பகுதி; ‘ஐ’ என்றால் இடுப்பெலும்பு. ‘பெரினியல்’ என்பது கவட்டுப் பகுதியைச் சார்ந்தது. ‘பெரோனியல்’ என்பது காலின் வெளிப்புறத்தைச் சார்ந்தது. 1998-இல் வெளிவந்த அனைத்துலக உடற்கூற்றுக் கலைச்சொல் தொகுப்பு, ‘பெரோனியல்’ என்பதற்கு மாற்றாக ‘ஃபிபுலர்’ என்ற சொல்லை முன்னிறுத்தியது. முந்தைய இரண்டும் குழம்பாமல் இருக்க அது உதவுகிறது.

‘அப்டக்ஷன்’, ‘அட்டக்ஷன்’ என்ற இரண்டும் மூட்டின் அசைவைக் குறிப்பவை. கையை உடலைவிட்டு விலக்குவது முதலாவது, உடலை நோக்கிக் கொண்டுவருவது இரண்டாவது. இவற்றின் முன்னொட்டுகள் முறையே ‘விலகி’, ‘நோக்கி’ என்ற பொருளுடையவை என்பதால் நெய்தல்நிலம் அவர்களின் வழி இங்கே முழுமையாகப் பலிக்கிறது. ஆனாலும் பேச்சில் காதுக்குப் பிரிவு தெரியாது என்பதால், மருத்துவர்கள் முன்னொட்டை எழுத்தெழுத்தாக உடைத்து ‘ஏ-பி-டக்ஷன்’, ‘ஏ-டி-டக்ஷன்’ என்று அழுத்திச் சொல்வார்கள்.

மருந்துப் பெயர்களிலும் இதே இடர்தான். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல், அமெரிக்காவில் முதலில் ‘லோசெக்’ என்ற பெயரில் வந்தது. உடலிலிருந்து நீரை வெளியேற்றும் ‘லாசிக்ஸ்’ என்ற மருந்தோடு அது குழம்பியதால், 1990-இல் ‘ப்ரைலோசெக்’ என்று பெயர் மாற்ற வேண்டியதாயிற்று. கையால் எழுதிய சீட்டில் அந்த இரண்டு பெயர்களும் எவ்வளவு நெருங்கித் தெரியும் என்பதை எழுதிப் பார்த்தால் உணர்வீர்கள்.

வைகைக்கரை

குறிஞ்சிமலர் அவர்களுக்கு நன்றி. பெட்ரோல் ஏற்றிச் செல்லும் லாரிகளின் பின்புறம் ‘ஹைலி இன்ஃபிளேமபிள்’ என்று எழுதியிருக்கிறார்கள். சில கொள்கலன்களில் ‘ஃபிளேமபிள்’ என்று இருக்கிறது. ‘இன்’ என்பது எதிர்மறை முன்னொட்டுத்தானே? அப்படியானால் இரண்டும் எப்படி ஒரே எச்சரிக்கையாகும்?

குறிஞ்சிமலர்

இரண்டும் ‘எளிதில் தீப்பற்றும்’ என்ற ஒரே பொருளுடையவை. இங்குள்ள ‘இன்’ எதிர்மறை அன்று. ‘உள்ளே, மூட்டுதல்’ என்ற பொருளில் இலத்தீன் வினையோடு வந்தது. உடலில் ஏற்படும் அழற்சியைக் குறிக்கும் ‘இன்ஃபிளமேஷன்’ என்ற சொல்லிலும் அதே முன்னொட்டுத்தான். ஆனால் நீங்கள் எண்ணியபடியே பலரும் எண்ணிவிடுவார்கள் என்ற அச்சத்தால், அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் 1920-களில் ‘ஃபிளேமபிள்’ என்ற வடிவத்தை வற்புறுத்தியது. பிரிட்டிஷ் தர நிர்ணய நிறுவனமும் 1959-இல் அதையே கொள்கையாக ஏற்றது. தீப்பற்றாததைக் குறிக்க ‘நான்-ஃபிளேமபிள்’ என்று எழுத வேண்டும். உயிர் காக்கும் எச்சரிக்கையில் சொல்லழகைவிடத் தெளிவே பெரிது என்பதால், நம் லாரிகளிலும் ‘இன்’ நீங்கிய வடிவம் வந்தால் நல்லது என்று விரும்புகிறேன்.

பொருநை

இதோடு ‘இன்வேல்யுபிள்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே ‘இன்’ உண்மையான எதிர்மறைதான். ஆனால் மறுக்கப்படுவது மதிப்பு அன்று, மதிப்பிட முடிவது. ஆகவே ‘விலைமதிப்பற்ற’ என்ற நம் சொல் அதற்கு அப்படியே பொருந்துகிறது.

நெய்தல்நிலம்

தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கலையும் குறிப்பிட வேண்டும். ஆங்கிலத்தில் ‘எஸ்’ ஒலியும் ‘இசட்’ ஒலியும் பொருளை மாற்றும். தமிழில் பின்னது இல்லாததால் நம் காது இரண்டையும் ஒன்றாகவே வாங்கிக்கொள்கிறது. ‘அட்வைஸ்’ என்று நாம் சொல்வது ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள். ‘சி’ எழுதி ‘எஸ்’ ஒலித்தால் பெயர்ச்சொல், அறிவுரை. ‘எஸ்’ எழுதி ‘இசட்’ ஒலித்தால் வினைச்சொல், அறிவுரை கூறுதல். ‘லூஸ்’ என்பதும் அப்படியே: ‘ஓ’ இரண்டு வந்து ‘எஸ்’ ஒலித்தால் தளர்வானது, ‘ஓ’ ஒன்று வந்து ‘இசட்’ ஒலித்தால் இழத்தல். வகுப்பில் நான் முதலில் ஒலியைப் பழக்குகிறேன். ஒலி பிரிந்துவிட்டால் எழுத்துக்கூட்டலில் தடுமாற்றம் மிகவும் குறைகிறது.

ஏட்டுச்சுவடி

ஒலி பிரியாத இடங்களிலும் அதே ‘சி’, ‘எஸ்’ முறையைப் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் பின்பற்றுகிறது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள் அம்மா. ‘பிராக்டிஸ்’, ‘லைசென்ஸ்’ ஆகியவற்றில் பெயர்ச்சொல்லானால் ‘சி’, வினையானால் ‘எஸ்’. அமெரிக்கர் இந்தப் பிரிவினையை விட்டுவிட்டு, முன்னதை எங்கும் ‘சி’ கொண்டும் பின்னதை எங்கும் ‘எஸ்’ கொண்டும் எழுதுகிறார்கள். நம் நாட்டில் சட்டங்கள் பிரிட்டிஷ் முறையையே பின்பற்றுகின்றன. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திறந்தால், ஓட்டுநர் உரிமத்தைக் குறிக்கும் ‘லைசென்ஸ்’ ‘சி’ எழுத்தோடும், அதை வழங்கும் ‘லைசென்சிங் அதாரிட்டி’ ‘எஸ்’ எழுத்தோடும் இருப்பதைக் காணலாம். முன்னது பெயர், பின்னது வினையிலிருந்து பிறந்தது. இரண்டும் தத்தம் இடத்தில் சரியானவையே.